டைட்டானிக்கில் பிழைத்த மார்கரெட் பிரவுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் ஞாயிறு மாலைகளில் நாங்கள் சிலர் கூடி யாராவது ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துப் பேசுவது வழக்கம். அப்படிப் பேசியதில் அதிகம் கேள்வி கிளப்பியது இந்த அம்மாவின் கதைதான். "டைட்டானிக் கப்பலில் தப்பிய பணக்காரப் பெண்மணி" என்று ஒரே வரியில் ஆரம்பித்தேன். கொழுந்து எடுத்துவிட்டு வந்தவர்களும் கோயம்புத்தூரில் படிக்கிற பிள்ளைகளும் அந்த ஒரு வரியோடு விடவில்லை. வராதவர்களும் பிறகு அதே கேள்விகளைக் கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

யாருங்க இந்த அம்மா? சுருக்கமாச் சொல்லுங்க.

மார்கரெட் பிரவுன். பிறந்த வீட்டுப் பெயர் டோபின். 1867 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான ஹனிபலில் பிறந்தார். 1932 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில் இறந்தார். வயது 65. நடுவில் 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் டைட்டானிக் மூழ்கியபோது 6ஆம் எண் உயிர்காப்புப் படகில் இருந்தார். உலகம் நினைவு வைத்திருப்பது அந்த ஓர் இரவை மட்டும்தான். அந்த இரவில் அவர் செய்ததற்கெல்லாம் பயிற்சி எடுத்தது அதற்கு முந்தைய இருபது வருடங்களில்.

பிறக்கும்போதே பணக்காரரா?

இல்லவே இல்லை. அப்பா அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர், எரிவாயு ஆலையில் கூலி. மார்கரெட் பதின்மூன்று வயதுவாக்கிலேயே படிப்பை விட்டுப் புகையிலை ஆலைக்கு வேலைக்குப் போனார். பதினெட்டு வயதில் அண்ணன் டேனியலைத் தேடி கொலராடோ மாநிலத்தின் லெட்வில் என்ற சுரங்க ஊருக்கு ரயில் ஏறினார். அங்கே ஒரு துணிக்கடையில் கம்பளம், திரைச்சீலை விற்கிற பிரிவில் வேலை.

லெட்வில் எப்படிப்பட்ட ஊர் என்று நம்மவர்களுக்குச் சொல்வது சுலபம். நம் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். லெட்வில்லில் கடைத்தெருவே 3,000 மீட்டருக்கு மேலே. மேட்டில் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிற உயரத்தில் பல ஆயிரம் பேர் வெள்ளி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

பணக்கார மாப்பிள்ளையாப் பார்த்துக் கட்டிக்கிட்டாங்களா?

பணக்காரனைத்தான் கட்டுவேன், வயதான அப்பாவை உட்கார வைத்துச் சோறு போடுவேன் என்பதுதான் அவர் திட்டம். அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மனசு போனது ஜேம்ஸ் ஜோசப் பிரவுன் மீது. ஊரில் எல்லாருக்கும் அவர் ஜே.ஜே. சுரங்க வேலைக்காரர், தானே படித்துச் சுரங்க நுட்பம் கற்றுக்கொண்டவர், மார்கரெட்டைவிட ஏறக்குறைய 13 வயது மூத்தவர், கையில் காசு கிடையாது. காசுக்காக ஒருவனைக் கட்டுவதைவிடப் பிடித்த ஏழையோடு இருப்பது மேல் என்று 1886 செப்டம்பர் 1 அன்று மாதா கோயிலில் திருமணம் முடித்தார்கள். சுரங்கத்துக்குப் பக்கத்தில் இரண்டே அறை கொண்ட மரக்கட்டை வீட்டில் குடித்தனம். லாரன்ஸ், ஹெலன் என்று இரண்டு குழந்தைகள்.

அப்புறம் பணம் எங்கிருந்து வந்துச்சு? நம்ம தேவாலா தங்கம் மாதிரியா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தேவாலாக்காரர், வேறு யார் கேட்பார்கள்! கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நம் பந்தலூர், தேவாலா மலைகளில் 1879 வாக்கில் கிளம்பிய தங்க மோகம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். குறும்பரும் பணியரும் ஓடை மணலை அலசிப் பொடித்தங்கம் எடுத்த இடத்தில் பாறைக்குள் பெரும் புதையல் இருப்பதாக லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். காப்பித் தோட்டத்துரைகளுக்கும் நிலத்தை விற்றதில் நல்ல வரும்படி. மூன்று நான்கு வருடத்தில் எல்லாம் படுத்துவிட்டது. எந்திரம் வாங்கிய கடனுக்குக்கூடத் தங்கம் கிடைக்கவில்லை. அவர்கள் வெட்டிப்போட்ட குழிகளில் இன்றும் திருட்டுத்தனமாக மண் எடுக்க இறங்கி உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

லெட்வில் வெள்ளி மோகமும் கிட்டத்தட்ட அதே வருடங்களில் கிளம்பியதுதான். ஆனால் அங்கே நிஜமாகவே வெள்ளி இருந்தது. 1893இல் அது படுத்ததற்கு ஒரு காரணம் நம் நாட்டிலிருந்து போனது. அதுவரை யார் வெள்ளி கொண்டுபோய்க் கொடுத்தாலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த அரசு நாணயச் சாலைகள் அதை ரூபாயாக அடித்துத் தரும். அந்த வசதியை 1893 ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் இந்திய அரசு சட்டம் போட்டு நிறுத்தியது. உலகச் சந்தையில் வெள்ளி விலை சில நாட்களிலேயே பாதாளத்துக்குப் போனது. கொலராடோவில் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. அந்த வருடக் கடைசியில் அமெரிக்க அரசும் வெள்ளி வாங்குவதை நிறுத்த, லெட்வில் முழுக்க வேலையில்லாக் கூட்டம். மார்கரெட் கஞ்சித் தொட்டி வைத்துச் சோறு போடும் இடங்களில் வேலை செய்தது அந்தக் காலத்தில்தான்.

ஜே.ஜே. அப்போது ஐபெக்ஸ் கம்பெனியில் சுரங்க மேலாளர். அவர்களுடைய லிட்டில் ஜானி சுரங்கத்தில் ஆழத்துக்குப் போனால் தங்கம் இருக்கும் என்பது அவர் கணிப்பு. போக முடியாததற்குக் காரணம் மணல். தோண்டத் தோண்டச் சரிந்து மூடியது. அவர் வைக்கோல் கட்டுகளையும் மரச்சட்டங்களையும் அடுக்கி மணலைத் தாங்கி நிறுத்தி வழி போட்டார். உள்ளே செம்பும் தங்கமும் கலந்த தாது கிடைத்தது. முதலாளிகள் மனம் குளிர்ந்து 12,500 பங்குகளும் இயக்குநர் குழுவில் ஓர் இடமும் கொடுத்தார்கள். ஆக, பிரவுன் குடும்பத்தின் செல்வம் கூலி வாங்கிய ஒருவருடைய கைவேலைக்குக் கிடைத்த பங்கு. லாட்டரி அல்ல, பரம்பரைச் சொத்தும் அல்ல.

பணம் வந்ததும் என்ன பண்ணினாங்க?

1894இல் டென்வர் நகரத்தில் 30,000 டாலருக்கு வீடு வாங்கினார்கள். வாசலில் கல் சிங்கங்கள் இருப்பதால் சிங்க வீடு என்று பெயர். புதுப்பணக்காரர் வீட்டுப் பெண் என்று பழைய பணக்காரக் குடும்பங்கள் சில அவரை ஒதுக்கியது உண்மை. ஊரே ஒதுக்கியது என்று சினிமாவில் காட்டுவது மிகை. ஊர்ப் பத்திரிகையில் அவர் பெயர் வராத வாரம் குறைவு.

வாத்தியார் வைத்து மொழிகள் படித்தார். பிரெஞ்சு, ஜெர்மன், கொஞ்சம் ரஷ்யன் என்று சேர்த்துக்கொண்டார். டென்வர் மகளிர் மன்றத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தவறு செய்த சிறுவர்களைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்காமல் தனி நீதிமன்றம் வேண்டும் என்று நீதிபதி பென் லிண்ட்சே போராடியபோது பணம் திரட்டிக் கொடுத்தார். டென்வரின் பெரிய கத்தோலிக்கப் பேராலயம் எழும்பியதிலும் அவர் திரட்டிய நிதி உண்டு. 1906இல் அதற்காகப் பல நாட்டுத் திருவிழா என்று ஒன்றை நடத்தினார்.

தன் பையில் இருந்து எடுத்துக் கொடுப்பது ஒரு வகை. அடுத்தவன் பையிலிருந்து எடுக்க வைப்பது வேறு வித்தை. இந்த அம்மா இரண்டாவதில் கெட்டிக்காரர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

கணவர் கூட வரலையா கப்பல்ல?

1909இலேயே பிரிந்துவிட்டார்கள். அவருக்கு ஊர்ப் பொதுவேலையெல்லாம் பிடிக்காது, இவருக்கு வீட்டில் இருக்கப் பிடிக்காது. கத்தோலிக்கர்கள் என்பதால் விவாகரத்து கிடையாது. எழுத்துமூலமான பிரிவு ஒப்பந்தம்தான். வீடு இவருக்கு, மாதம் 700 டாலர் செலவுக்கு. கடைசிவரை பேச்சுவார்த்தை இருந்தது.

எதுக்கு அந்தக் கப்பல்ல போய் ஏறினாங்க?

பேரனுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது, அதற்காக. 1912 தொடக்கத்தில் மகள் ஹெலனோடு எகிப்து சுற்றப் போனார். பெரும் கோடீஸ்வரர் ஜான் ஜேக்கப் ஆஸ்டரும் அவருடைய இளம் மனைவியும் அந்தப் பயணத்தில் உடன் இருந்தார்கள். பாரிஸ் வந்தபோது லாரன்ஸின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று தகவல். உடனே கிடைத்த கப்பல் டைட்டானிக். ஏப்ரல் 10 மாலை பிரான்சின் செர்போர்க் துறைமுகத்தில் முதல் வகுப்பில் ஏறினார். ஹெலன் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டதால் தப்பினார். பேரனும் பிறகு தேறிவிட்டான். ஆஸ்டர் கடலோடு போனார்.

படகுல என்னதான் நடந்துச்சு? சினிமாவுல திரும்பிப் போகச் சொல்லிச் சண்டை போடுவாங்களே?

ஏப்ரல் 14 இரவு 11.40க்குப் பனிப்பாறை இடித்தது. 2.20க்குக் கப்பல் மூழ்கியது. நடுவில் இரண்டே முக்கால் மணி நேரம்கூட இல்லை. மார்கரெட் மற்ற பெண்களைப் படகில் ஏற்றிவிட்டு நகர்ந்து போய்க்கொண்டிருந்தபோது யாரோ அவரைப் பிடித்து, "நீங்களும் போங்க" என்று இறங்கிக்கொண்டிருந்த படகுக்குள் போட்டார்கள். நான்கு அடி கீழே விழுந்தார். அதுதான் 6ஆம் எண் படகு. 65 பேர் ஏறலாம், 30 பேர்கூட இல்லை.

படகில் யார் யார் என்று பார்த்தால் கதாசிரியர்கள்கூட இப்படி அமைக்கத் தயங்குவார்கள். பனிப்பாறையை முதலில் கண்டு மணியடித்த காவலாளி பிரடெரிக் பிளீட் அதில் இருந்தார். மோதும் நேரத்தில் கப்பலின் சுக்கானைப் பிடித்திருந்த ராபர்ட் ஹிச்சன்ஸ்தான் படகுக்குப் பொறுப்பாளர். துடுப்புப் போட ஆண்கள் போதவில்லை என்று கத்தியதும் கனடாக்காரர் ஆர்தர் பியூச்சன் கயிற்றைப் பிடித்து இறங்கி வந்தார். மற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

ஹிச்சன்ஸ் மிரண்டு போயிருந்தார். நாம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது, தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை, அவ்வளவுதான் என்று புலம்பினார். மார்கரெட் துடுப்பை எடுத்தார், பக்கத்தில் இருந்த பெண்களையும் எடுக்க வைத்தார். வலித்தால் உடம்பு சூடாக இருக்கும். இது வெறும் தைரியப் பேச்சு இல்லை, கடல் நீர் உறைநிலைக்கும் கீழே இருந்த இரவு அது. கப்பல் மூழ்கியதும் திரும்பிப் போய் ஆட்களை எடுக்கலாம் என்று பெண்கள் கேட்டார்கள். ஹிச்சன்ஸ் மறுத்தார். அங்கே பிணங்கள்தான் இருக்கும் என்று அவர் சொன்னதாகப் பியூச்சன் பின்னால் விசாரணையில் சாட்சி சொன்னார். தான் அப்படிச் சொல்லவில்லை என்றார் ஹிச்சன்ஸ்.

படகு திரும்பிப் போகவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். போராடினார், கேட்டார் என்பது உண்மை. யாரையும் மீட்டார் என்பது உண்மை இல்லை. இரவில் 16ஆம் எண் படகோடு சேர்த்துக் கட்டியபோது அங்கிருந்து ஒரு நிலக்கரி அள்ளும் தொழிலாளி துடுப்புப் போட இந்தப் படகுக்கு வந்தார். கொதிகலன் அறையில் போட்டிருந்த மெல்லிய உடுப்போடு நடுங்கிக்கொண்டிருந்தார். மார்கரெட் தன் விலையுயர்ந்த மென்மயிர்ப் போர்வையை அவர் கால்களில் சுற்றினார். மீட்க வந்த கர்பாத்தியா கப்பலை நோக்கி வலிக்கவேண்டும் என்றபோது ஹிச்சன்ஸ் மறுபடி தடுக்க, கிட்டே வந்தால் தூக்கிக் கடலில் போட்டுவிடுவேன் என்றார் மார்கரெட். காலை 8 மணிவாக்கில் ஏறிச் சேர்ந்தார்கள்.

பணம் இருந்ததால பொழைச்சாங்கன்னு சொல்லலாமா, டீச்சர்?

இதைக் கேட்டவர் எங்கள் கூட்டத்திலேயே மூத்தவர், அம்மாயி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். 1970களில் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர். "எங்களுக்குக் கப்பல்னா தகரப் பெட்டியும் பச்சப்புள்ளையும் வச்சிக்கிட்டு வரிசையில நிக்கிறது. மேல்தட்டுல யாரு இருந்தான்னே தெரியாது" என்றார்.

அம்மாயிக்குச் சொன்ன பதில் இதுதான்: ஆமாம், பெரும்பாலும்.

பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை தந்த கணக்கைப் பாருங்கள். முதல் வகுப்புப் பெண்கள் 144 பேரில் 140 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பெண்கள் 165 பேரில் 76 பேர்தான். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேரில் 27. பெண்களும் குழந்தைகளும் முதலில் என்ற விதி கப்பல் முழுக்க ஒரே மாதிரி எட்டவில்லை. மூன்றாம் வகுப்பு ஆட்கள் கீழே இருந்தார்கள். படகுகள் இருந்த மேல்தளத்துக்குப் போகிற வழி அவர்களுக்குப் பழக்கமில்லை, எச்சரிக்கையும் தாமதமாகப் போனது, பலருக்கு ஆங்கிலம் புரியாது. மொத்தப் படகுகளும் சேர்ந்து 1,178 பேருக்குத்தான் இடம். கப்பலில் இருந்தவர்கள் 2,200க்கு மேல். அந்த இடத்தையும் நிரப்பாமல் இறக்கியதால் சுமார் 710 பேர்தான் மிஞ்சினார்கள். 6ஆம் எண் படகில் காலியாக இருந்த இருக்கைகளை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

மார்கரெட் தைரியசாலி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் உயிரைக் காப்பாற்றியது தைரியம் இல்லை, டிக்கெட். தைரியம் பிறகு மற்றவர்களுக்குப் பயன்பட்டது.

பொழைச்சு வந்தவங்களுக்கு என்ன செஞ்சாங்க?

எனக்கு இந்த வாழ்க்கையிலேயே முக்கியமான பகுதி இதுதான். படகுச் சண்டையை எல்லாரும் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள்.

கர்பாத்தியாவில் ஏறியவர்களில் புருஷனையும் பெட்டியையும் மொழியையும் ஒன்றாக இழந்த பெண்கள் நிறைய. மூன்றாம் வகுப்பில் குடியேறப் போனவர்களுக்கு நியூயார்க்கில் இறங்கினால் யாரும் கிடையாது. மார்கரெட் தான் படித்த மொழிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனார். போர்வை, உடுப்பு பிரித்துக் கொடுத்தார். தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பேர் எடுக்கிற மாதிரி உயிர் பிழைத்தவர்களின் பெயர்களை எழுதினார். பிறகு, தப்பித்து உட்கார்ந்திருந்த முதல் வகுப்புக்காரர்களைக் கூட்டி ஒரு குழு அமைத்து நன்கொடை கேட்டார். ஏப்ரல் 18 இரவு கப்பல் நியூயார்க் சேர்வதற்குள் ஏறக்குறைய 10,000 டாலர் வாக்குறுதியாகச் சேர்ந்துவிட்டது.

ஏறக்குறைய இருபது வருடம் டென்வரில் கோயிலுக்கும் நீதிமன்றத்துக்கும் நிதி கேட்டுப் பழகிய வாய், மூன்று நாளில் இதைச் செய்தது. யாரிடம் எப்போது கேட்டால் கொடுப்பார்கள் என்று தெரிந்தவர். கரை இறங்கிக் குளித்துத் தூங்கிவிட்டால் கோடீஸ்வரர்கள் மறந்துவிடுவார்கள், குளிர் இன்னும் எலும்பில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். இது என் ஊகம், ஆனால் நன்கொடை வசூலித்துப் பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கப்பல் கரை சேர்ந்த பிறகும் உடனே இறங்கவில்லை. போக்கிடம் இல்லாதவர்களுக்கு ஏற்பாடு ஆகும்வரை உள்ளேயே இருந்தார். மே மாதக் கடைசியில் கர்பாத்தியா மறுபடி நியூயார்க் வந்தபோது கேப்டன் ஆர்தர் ராஸ்ட்ரனுக்கு வெள்ளிக் கிண்ணமும் மாலுமிகளுக்குப் பதக்கமும் வழங்கிய குழுவின் தலைவி இவர்தான். அமெரிக்க செனட் விசாரணையில் சாட்சி சொல்ல இவரை அழைக்கவில்லை. தன் வாக்குமூலத்தைப் பத்திரிகைகளில் எழுதி வெளியிட்டுவிட்டார்.

நகையெல்லாம் போயிடுச்சா?

போயிற்று. நஷ்டஈடு கேட்டுக் கொடுத்த பட்டியலில் மொத்தம் 27,000 டாலருக்கு மேல். அதில் ஒரு கழுத்தணி மட்டும் 20,000. டென்வர் அருங்காட்சியகத்துக்கென்று எகிப்தில் வாங்கிய மாதிரிப் பொருள்கள் மூன்று பெட்டியும் போயின. எல்லாப் பயணிகளும் சேர்ந்து கேட்டது 1.6 கோடி டாலருக்கு மேல். 1916இல் கப்பல் கம்பெனி ஒப்புக்கொண்டது மொத்தமே 6,64,000 டாலர்.

அந்தக் கப்பல்ல நம்ம பக்கத்து ஆளுங்க யாராவது இருந்தாங்களா?

அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து போன ஒரு குடும்பம் இருந்தது. குண்டூரில் லுத்தரன் மிஷனில் வேலை செய்த பெக்கர் குடும்பம். கைக்குழந்தை ரிச்சர்டுக்கு உடல்நலம் கெட்டதால் தாய் நெல்லி மூன்று பிள்ளைகளோடு அமெரிக்கா கிளம்பினார். தந்தை வேலை முடித்து வருவதாகக் குண்டூரில் இருந்துவிட்டார். இரண்டாம் வகுப்பு. தாயும் சின்னவர்கள் இருவரும் ஒரு படகில் ஏற, 12 வயது ரூத்துக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. வேறு படகில் ஏறினாள். நால்வரும் பிழைத்து கர்பாத்தியாவில் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள்.

இன்றைய சத்தீஸ்கரில் உள்ள ஜாஞ்ச்கீரில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஆனி ஃபங்க் என்ற மிஷனரியும் இரண்டாம் வகுப்பில் இருந்தார். அம்மாவுக்கு உடல்நலமில்லை என்று ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் பிழைக்கவில்லை. கடலில் இருந்தபோதுதான், ஏப்ரல் 12 அன்று, அவருக்கு 38 வயது நிறைந்தது.

சுரங்க முதலாளி வீட்டம்மா தொழிலாளிக்கு ஆதரவா நின்னாங்கன்னு சொல்றது நெசமா?

நிஜம்தான். 1914 ஏப்ரல் 20 அன்று கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில் வேலைநிறுத்தம் செய்த நிலக்கரித் தொழிலாளர்களின் கூடார முகாமை மாநிலப் படை தாக்கித் தீ வைத்தது. கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் குடும்பத்தோடு அங்கே இருந்தார்கள். குண்டுக்குப் பயந்து கூடாரத்துக்கு அடியில் தோண்டிய குழியில் ஒளிந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சு முட்டிச் செத்தார்கள். அந்தச் சுரங்கக் கம்பெனி ராக்கஃபெல்லர் குடும்பத்தின் கையில் இருந்தது. இதைச் சொல்லும்போது கூட்டத்தில் ஒருவர் மாஞ்சோலை என்று மட்டும் சொன்னார். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதில் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் போன 17 உயிர்கள் எந்தத் தேயிலை லயத்திலும் மறக்கப்படவில்லை.

மார்கரெட் செவிலியர்களையும் உடுப்பு, காலணிகளையும் அனுப்பினார், நிதி திரட்டினார், ராக்கஃபெல்லரை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். ஒன்றை மறைக்கக் கூடாது. இவருடைய வரும்படியும் சுரங்கத்திலிருந்து வந்ததுதான், லெட்வில்லிலும் 1896இல் கடுமையான வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது பிரவுன் குடும்பம் முதலாளிகள் பக்கம் இருந்தது. லட்லோவில் சொன்னதை லெட்வில்லிலும் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

எலக்‌ஷன்ல நின்னாங்களாமே?

நிற்கப் பார்த்தார். கொலராடோ பெண்களுக்கு 1893இலேயே வாக்குரிமை உண்டு, நாடு முழுவதற்கும் வந்தது 1920இல். 1914இல் செனட்டுக்குப் போட்டியிடப் போவதாகப் பேச்சு கிளம்பிப் பிறகு விலகிக்கொண்டார். அதே வருடம் ஐரோப்பாவில் போர் மூண்டது. போர் அழித்த பிரான்ஸ் கிராமங்களை மீட்டெடுக்க அமெரிக்கப் பெண்கள் அமைத்த குழுவோடு வேலை செய்தார். 1932இல் பிரெஞ்சு அரசு லீஜியன் ஆஃப் ஆனர் விருது கொடுத்தது.

"மோலி பிரவுன்" இவங்கதானே?

இவர்தான். ஆனால் உயிரோடு இருந்தவரை அவரை யாரும் மோலி என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் மேகி, வெளியே திருமதி பிரவுன். மோலி என்பது 1960இல் மேடையேறிய ஓர் இசை நாடகம் வைத்த பெயர். 1964இல் அதுவே படமானது. படிப்பறிவில்லாத முரட்டுப் பெண், அடுப்பில் ஒளித்துவைத்த நோட்டுக்கட்டு எரிந்துபோன கதை எல்லாம் அவர் இறந்த பின் பத்திரிகைக்காரர்கள் ஊதிப் பெரிதாக்கியவை. பிள்ளைகள் மறுத்துப் பேசவில்லை, அம்மாவின் புகழோடு அவர்களுக்கு ஒட்டுறவு குறைவு. 1997இல் வந்த டைட்டானிக் படத்தில் கேத்தி பேட்ஸ் நடித்த பாத்திரம் கொஞ்சம் நெருக்கமானது, பேச்சு மட்டும் அதே முரட்டு வழியில்தான்.

கடைசிக் காலத்துல வசதியா இருந்தாங்களா?

அவ்வளவு சொல்ல முடியாது. 1922இல் ஜே.ஜே. உயில் எழுதாமல் இறந்தார். சொத்துக்காகத் தாயும் பிள்ளைகளும் ஐந்து வருடம் நீதிமன்றம் ஏறினார்கள். இதைக் கேட்டதும் எங்கள் கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மலையிலும் கீழ்நாட்டிலும் வீட்டுக்கு வீடு நடப்பதுதானே. தீர்ப்புக்குப் பின் கிடைத்தது முன்பிருந்த வசதிக்கு ஈடாகவில்லை.

அதற்காக ஓய்ந்து உட்காரவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் நாடக நடிப்புப் படித்தார். 1925இல் ஃப்ளோரிடாவில் தங்கியிருந்த ஹோட்டல் தீப்பிடித்து எரிந்தபோது அதிலும் தப்பினார். நியூயார்க்கில் நடிப்பு, இசை படிக்க வந்த இளம் பெண்கள் தங்கும் பார்பிசான் விடுதியில் அறை எடுத்து அந்தப் பெண்களோடு இருந்தார். அங்கேதான் தூக்கத்தில் இறந்தார். மூளையில் கட்டி இருந்தது பிறகே தெரிந்தது. லாங் ஐலண்டில் ஜே.ஜே. பக்கத்தில் புதைத்தார்கள்.

அந்தச் சிங்க வீடு இப்ப இருக்கா?

இருக்கிறது. டென்வரில் பென்சில்வேனியா தெரு, 1340ஆம் எண். அவர் இருக்கும்போதே வாடகைக்கு விட்டிருந்தார். இறந்த பின் கைமாறி, அறை அறையாகத் தடுத்து விடுதியானது. பிறகு பெண் பிள்ளைகள் காப்பகமாகவும் கொஞ்ச காலம் இருந்தது. 1970இல் இடித்துவிடும் நிலை வந்தபோது ஊர்க்காரர்கள் அமைப்பாகச் சேர்ந்து வாங்கிப் பழுதுபார்த்தார்கள். 1910இல் எடுத்த புகைப்படங்கள் கிடைத்ததால் எந்த அறையில் எந்தத் திரைச்சீலை, எங்கே எந்த நாற்காலி என்று பார்த்துப் பார்த்து அமைக்க முடிந்தது. இப்போது அருங்காட்சியகம், டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் பிள்ளைகள் வேலை பார்க்கிறவர்கள் அடுத்த முறை போகும்போது சமையலறையையும் வேலைக்காரர்கள் ஏறி இறங்கிய பின்படியையும் காட்டச் சொல்லிப் படம் எடுத்து அனுப்புங்கள். அம்மாயி கேட்டிருக்கிறார்.